வலது கன்னம்

சடையாண்டி புகையிலை அதக்குகிற இடது கன்னத்தில் ஆறாத புண்.

“ஒரு செல்லு தன்னை மாதிரியே இன்னொண்ணு செய்யறப்ப, புகையிலையால தப்பு விழுந்துருச்சுங்கய்யா. அந்தத் தப்பே பெருகிப் புத்துநோயா நிக்குது,” என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் சடையாண்டி மகள் பூவாயியிடம் எரிந்து விழுந்தார். “ஒரே பக்கம் அதக்குனா புண்ணாகத்தான் செய்யும். கண்ணுக்குத் தெரியாததச் சொல்லிக் கன்னத்த அறுக்கப் பாக்குறாக!”

“அந்தக் கருமத்த இனியாச்சும் தூக்கி எறிங்கப்பா,” என்று அழுதாள் அவள்.

சடையாண்டி வாய் கொப்பளித்துத் துப்பினார். மடியிலிருந்து புகையிலையைக் கிள்ளி, இதுவரை அது தங்கியே இராத வலது கன்னத்தில் ஒதுக்கினார். “இனி இந்தப் பக்கம். அது தானா ஆறிரும், பாரு.”

நாக்கால் அதை உள்ளே தள்ளினார். அங்கே கன்னத்துச் சதையிலேயே ஏதோ சொரசொரவென்று நெருடியது. மறுபடி தடவிப் பார்த்தார்.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்ல. பஸ்ஸு போயிரும், நட.”