நாலே நிமிடம்

"மறுபடியும் கட்டாயிடுச்சு அத்தை. அதே நாலு நிமிஷம்!"

அண்ணன் மகள் கைப்பேசியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். அலுவலகத்தில் நாள் முழுவதும் மென்பொருளில் பிழை தேடுவதுதான் அவள் வேலை. விடுமுறை நாளில் அத்தை வீட்டுக்கு வந்தும் அதே பிழைப்பு.

எதிரே அத்தை ஒரு பாடப்புத்தகத்தின் அச்சுப்படியில் சிவப்புப் பேனாவால் திருத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். "அது அப்படித்தான், விடுன்னு சொன்னேனே. டீ ஆறுது பாரு."

அந்தக் கைப்பேசி மாமாவுடையது. எல்லாரும் கடையில் வாங்கும் ரகமில்லை. அதற்குள் ஓடும் நிரல் முழுவதும் திறந்து கிடக்கும்; யார் வேண்டுமானாலும் படிக்கலாம், தனக்கு வேண்டியபடி மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்று வருவோர் போவோரிடமெல்லாம் மாமா பெருமையடிப்பார். அதே பித்துப் பிடித்த கூட்டாளிகள் நாலைந்து பேரும் அவருக்கு உண்டு. கேமரா பாதி நாள் வேலை செய்யாது. மழை வருமா என்று கேட்டால், அது யோசித்துச் சொல்வதற்குள் மழை பெய்தே ஓய்ந்திருக்கும். மாமா போய் எட்டு மாதம் ஆகிறது. அத்தை அதைத்தான் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறாள் என்று குடும்பத்தில் எல்லாருக்கும் கவலை.

அண்ணன் மகளின் கைப்பேசி ஒலித்தது. கடல் கடந்து வேலை பார்க்கும் அத்தை மகன். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"என்ன வாலு, கண்டுபிடிச்சியா?"

"இல்லை அத்தான். அத்தை போன்லேருந்து உங்களுக்கு ரெண்டு தடவை போட்டாச்சு. ரெண்டும் கட்."

"அஞ்சு மாசமா இதே கூத்து. சாப்பிட்டியாம்பாங்க, பையன் பள்ளிக்கூடம் போனானாம்பாங்க. நீ எப்படிம்மா இருக்கேன்னு நான் வாயெடுக்கிறதுக்குள்ள பொட்டுனு போயிடும். புதுசு ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன், நாளைக்கு வந்துடும். சாயங்காலத்துக்குள்ள நீ சரி பண்ணினா கேன்சல் பண்றேன். இல்லைன்னா அந்த டப்பாவைத் தூக்கிக் குப்பையில போடு."

அத்தை பேனாவை மூடினாள். "யாரைக் கேட்டுடா ஆர்டர் போட்டே? எனக்கு இதுவே போதும்."

"அப்பா ஞாபகமா வச்சுக்கணும்னா அலமாரியில வைம்மா. பேசறதுக்கு ஒழுங்கா ஒண்ணு வேணாமா? நீ நல்லாத்தான் இருக்கியான்னே எனக்குத் தெரியலை."

"நான் கல்லு மாதிரி இருக்கேன். நீ உன் வேலையைப் பாரு."

"சரி சரி, இங்க கூப்பிடறாங்க. வாலு, பார்த்துச் சொல்லு." வைத்துவிட்டான்.

"பாவம் அத்தான். எவ்வளவு கவலைப்படறார்!"

"அவன் கவலைதான் எனக்குக் கவலை. மாமா போனப்ப ரெண்டு மாசம் என் காலையே சுத்திக்கிட்டு இருந்தான். இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தா வேலை போயிருக்கும். போன மாசம் நான் தும்மினதுக்கே டிக்கெட் பார்த்தவன் அவன்."

அண்ணன் மகள் சிரித்தாள். பிறகு அத்தையின் கைப்பேசியிலிருந்து தன் அப்பாவுக்குப் போட்டாள். அவர் மூட்டு வலியைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்.

"எங்கப்பா பேசறப்ப கட்டாயிருந்தாக்கூடப் புண்ணியமாப் போயிருக்கும். ஆகலை! அத்தானுக்கு மட்டும் ஏன் ஆகுது?"

"அவன் ராசி அப்படி."

"ராசியாவது மண்ணாவது." அவள் கைப்பேசியைத் தன் மடிக்கணினியில் இணைத்து, வரி வரியாகத் தேடத் தொடங்கினாள். டீ ஆறி, ஆடை கட்டியது. அரை மணி நேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"அத்தை, இது கோளாறே இல்லை. யாரோ வேணும்னே எழுதி வச்சிருக்காங்க. மொத்தம் பதினோரு வரி. அத்தான் நம்பரோட பேச ஆரம்பிச்சு இருநூத்தி நாப்பது விநாடி ஆனதும் துண்டிச்சிடு. அவ்வளவுதான்!"

"ஓ" என்றாள் அத்தை. பேனாவை மறுபடி திறந்தாள், எதையும் திருத்தவில்லை.

"மாமாதான் எழுதியிருக்கணும். ஆனா அத்தான்னா மாமாவுக்கு உயிராச்சே! பெத்த பிள்ளை பேச்சை நடுவுல நறுக்கணும்னு அவருக்கு ஏன் தோணுச்சு? ஏதாவது சண்டையா?"

"சேச்சே. அவங்களுக்குள்ள என்ன சண்டை?"

அவள் திரையை இன்னும் அருகே இழுத்தாள். முகம் மாறியது. "அத்தை... இதுல தேதி இருக்கு. எழுதி அஞ்சு மாசம்தான் ஆகுது. மாமா போய் எட்டு மாசமாச்சே?"

அத்தை அச்சுப்படியை மடித்து ஓரமாக வைத்தாள்.

"போனவர் எப்படி வந்து எழுதுவார்? எனக்குத் தலையே சுத்துது. யார் எழுதினா என்ன, இதை அழிச்சுத் தொலைக்கிறேன். ஒரு நிமிஷ வேலை. அப்புறம் நீங்களும் அத்தானும் விடிய விடியப் பேசுங்க." அவள் விரல் பொத்தானை நோக்கிப் போனது.

அத்தை எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிச்சிடாதேம்மா, மாமாவோட கூட்டாளிங்ககிட்ட ஒவ்வொண்ணாக் கேட்டுக் கேட்டு, மூணு வாரம் உக்காந்து நான் எழுதினது. அவன் பேசறப்ப நானா வைக்க மனசு வராது; நாலு நிமிஷத்துக்கு மேல அழாம இருக்கவும் என்னால முடியலை."