காதல் மாலை கேசட்

என் மூத்த மகள் பிறந்த வருஷம், கேசட் கடை ஜெபமணி அண்ணன் எனக்குச் சொன்ன கதை இது.

ஒரு வீட்டு அலமாரியில் ‘காதல் மாலை’ என்றொரு வீணைக் கேசட் இருந்தது. எல்லாருக்கும் தெரிந்த கீர்த்தனைகளில் இனிப்பான இடங்களை மட்டும் வெட்டிச் சேர்த்தது. அதன் பக்கத்தில் முழுக் கச்சேரிக் கேசட் ஒன்று.

“சாமியைத் தூங்கவைக்கிற பாட்டைக்கூடப் பாதியில நறுக்கி வச்சிருக்கியே, நீயெல்லாம் சங்கீதமாடி? பாரு, உன்னை அழிச்சிட்டு இந்த வீட்டம்மாவோட வளைகாப்புப் பேச்சைப் பதியப் போறாங்க” என்றது கச்சேரி.



அன்று வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அழிப்பதற்குமுன் ஒரு தடவை கேட்போமே என்று அவர் அதைப் போட்டார். தாலாட்டு வந்தது, வழக்கம்போலப் பாதியில் நின்றது. கேசட் வெட்கத்தில் குறுகிப்போனது.

அப்போது அடுப்படியிலிருந்து அவள் குரல் எழுந்தது. விட்ட இடத்தில் தொட்டு, மீதிப் பாட்டைக் கடைசிவரை பாடியது. அவர் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது.

“எனக்குள்ள இல்லாதது அவகிட்ட எப்படிக்கா வந்துச்சு?” என்று காதல் மாலை கேட்டது.

“தெரியலையேடி. பேசாம கேளு” என்றது கச்சேரி.

வளைகாப்புக்கு அவர் வேறு கேசட் வாங்கி வந்தார்.

அதனால்தான் சொல்கிறேன், பாட்டு நின்றதும் உடனே எழுந்து அணைத்துவிடாதே கண்ணு, கொஞ்ச நேரம் இரு.