முதல் மேசைக்கு மேல் தொங்கிய பெயர்

"சேர், அடுத்த வருஷம் செஸ் போட்டிக்கு என் பேரைப் போடாதீங்க. முழுச் செலவையும் இனி நான் ஏத்துக்க மாட்டேன்."

ராசையா முதலாளி போனில் இப்படிச் சொன்னதும் ரமணன் சேருக்குத் தலை சுற்றியது.

சுற்றாமல் என்ன செய்யும்? சேர் மாத்தளை செஸ் கழகத்தின் செயலாளர். ராசையா டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர். மண்டபம், சாப்பாடு, கப் எல்லாம் வருஷா வருஷம் அவர் கைக்காசு. அவர் இல்லாவிட்டால் போட்டி இல்லை. ஆட்டம் நடக்கும்போதுகூட சேர் மைக்கைப் பிடித்து அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் பொருளாளர் பரிமளம். "போன கிழமை அவரு மகன் பவித்ரன் கப் அடிச்சிட்டான். காரியம் முடிஞ்சிருச்சு, இனி எதுக்குச் செலவு பண்ணணும்?"

"அப்படியும் மனுஷன் இருப்பாரா?"

"இருக்காரே. பைனல்ல தோத்த கிருஷாந்தியைத்தான் நினைச்சுப் பாக்குறேன். யட்டவத்தையில இருந்து பஸ் ஏறி வந்து விளையாடுற புள்ள. கொழும்புக்கெல்லாம் போய் விளையாட அதுக்கு ஏது வசதி? அதுக்கு இருக்கிறதே இந்த ஒரு போட்டிதான்."

சேருக்கும் கோபம்தான். ஆனால் கோபத்தை வைத்து மண்டபம் எடுக்க முடியாதே. ஒரு போட்டோவுக்குப் பிரேம் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். போட்டோவில் பவித்ரன் கப்பும் கையுமாகச் சிரிக்கிறான். தலைக்கு மேல் பெனரில் ராசையாவின் பெயர், எட்டூருக்குத் தெரிகிற மாதிரி.

"வாங்க சேர், உக்காருங்க. பிளேன்டீ சொல்லவா?"

"போட்டி நின்னு போயிரும் மொதலாளி."

"நிக்காது. மெயின் வீதியில பத்து கடைக்காரங்ககிட்டப் பேசிட்டேன். மாசா மாசம் ஆளுக்குக் கொஞ்சம் கழகத்துக்குப் போடுவாங்க. நானும் போடுவேன். நாளைக்கு ஒருத்தர் விலகினாலும் போட்டி நடக்கும்."

சேருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப பெனர்ல யார் பேரு?"

"யார் பேரும் வேணாம்."

"இத்தனை வருஷம் செஞ்ச உங்க பேராவது இருக்கட்டுமே. மகன் ஜெயிச்ச கையோட நீங்க ஒதுங்கினா, சனங்க ஒரு மாதிரி பேசுறாங்க."

"பேசட்டும்."

ராசையா போட்டோவை வாங்கிப் பார்த்தார். மிளகு மூட்டை மேல் கவிழ்த்து வைத்தார்.

"பைனலை நான் பக்கத்துல நின்னு பாத்தேன் சேர். வீட்டுல மகன்கூட விளையாடித் தோக்கிறவன்தானே, எனக்கும் கொஞ்சம் விளங்கும். இவன் கவனமில்லாம ராணியைக் கொண்டுபோய் வெட்டுல வச்சிட்டான். கிருஷாந்தி வெட்டுறதுக்குக் கையைக் கொண்டு போச்சு. அந்த நேரம் பாத்து நீங்க மைக்கைப் பிடிச்சு, 'ராசையா மொதலாளி இல்லாட்டி இந்தப் போட்டியே இல்லை'ன்னு சொன்னீங்க."

சேர் கவிழ்ந்து கிடந்த போட்டோவைக் கையில் எடுத்தார்.

"அந்தப் புள்ள நிமிந்து பெனர்ல என் பேரைப் பாத்துச்சு சேர். அப்புறம் கையை இழுத்துக்கிட்டு, வேற காயை நகத்துச்சு."