படத்தில் ஏறியவர்கள்

"உங்க படத்துல ஏறின மூணு பேரும் உயிரோட இல்ல. இன்னிக்கு என் சம்சாரத்தை ஏத்தியிருக்கீங்க."

காலை பத்து மணிக்கு என் மேஜை முன்னால் நின்று இதைச் சொன்னவர் கரைத்தெருச் சங்கத்தின் செயலாளர். துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். சாதாரணமாகப் பேசினாலே நாலு தெருவுக்குக் கேட்கும். அன்றைக்குக் குரலே எழும்பவில்லை.

பழைய துறைமுகக் கிடங்குகளை நாடக அரங்கம், ஓவியக்கூடம், பாட்டுக்கூடம், தண்ணீரை ஒட்டி ஒரு நடைபாதை என்று மாற்றுகிற வேலை எங்கள் அலுவலகத்துடையது. திறக்க இன்னும் இரண்டு வருஷம் ஆகும். திறந்தால் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு பெரிய படம் போட்டு வாசல் கூடத்தில் மாட்டியிருந்தோம். மாசா மாசம் திருத்தி மாட்டுவோம்.

இந்த மாதிரிப் படங்களில் நடமாடும் ஆட்களை எங்கிருந்தாவது வாங்கி ஒட்டுவதுதான் வழக்கம். யார் பெற்ற பிள்ளைகளோ, எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு பலூன் பிடித்திருக்கும். நான்தான் பெரிய மேதாவி மாதிரி, கரைத்தெரு ஜனங்களையே போடு, ஊரும் கலையும் ஒட்டின மாதிரி இருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

சொன்னது எங்கள் படம் வரைகிற பெண்ணிடம். வாயைத் திறக்கமாட்டாள். ஆபீஸில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர்.

அவள் எல்லோரையும் வெறும் நிழலாக விட்டுவிட்டு, மாசத்துக்கு ஒரே ஒரு முகத்தைப் போட்டாள். முதலில் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறவர். அந்த மாசமே போய்ச் சேர்ந்தார். அடுத்தது தையல்கடை அம்மா. மூன்றாவது வாரம் கடை பூட்டிக் கிடந்தது. அப்புறம் கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர். அவரும் போனார்.

பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை நான். ஆனாலும் கொஞ்ச நாளாக அந்தப் படத்தைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறேன். எங்கே அதில் என் மூஞ்சி தெரிந்துவிடுமோ என்று பயம்.

செயலாளர் என்னைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அன்று காலைதான் புதுப் படம் மாட்டியிருந்தார்கள். பாட்டுக்கூடத்துக்கு வெளியே, தண்ணீர் ஓரத்து பெஞ்சில், நீலச் சால்வை போர்த்திக்கொண்டு ஒரு ஓரமாக அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். தெருப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிற டீச்சர். எந்தப் பக்கம் தள்ளி நின்றாலும் அவர் புருஷனையே பார்க்கிற மாதிரி இருந்தது.

அந்த நீலச் சால்வையை மகள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் பீரோவை விட்டு எடுத்ததை நான் பார்த்ததில்லை, அது எப்படி உங்கள் படத்துக்குள் வந்தது என்று செயலாளர் கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

"அவங்க உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"கல்லு மாதிரி இருக்கா. சாப்பாடுதான் சரியா இறங்கல. வாயுத் தொல்லைன்னு சொன்னா."

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். நீதானே போட்டாய் என்றேன். தலையாட்டினாள். ஏன் இந்த அம்மாவை என்றேன். உடனே எடு என்றேன்.

"எடுக்கறேன் சார். அவங்க வந்து எடுக்கச் சொல்லட்டும்."

எனக்கு வந்ததே கோபம். இந்தப் பெண் இருக்கிற வரைக்கும் உங்கள் திட்டத்துக்கு என் தெருவிலிருந்து ஒரு சம்மதக் கையெழுத்துகூட வராது என்று செயலாளர் வேறு சொல்லிவிட்டார். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ, இனி வரவேண்டாம் என்றேன்.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நீங்க எடுக்கறதா இருந்தா, தனியா இருக்கும்போது எடுங்க சார்."

போகிற போக்கில் மிரட்டிவிட்டுப் போகிறாளே என்றுதான் நினைத்தேன். தனியாக அந்தப் படத்தோடு உட்கார நான் என்ன பைத்தியமா? செயலாளரும் எடுக்கிறதை என் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி என்றார். அவள் கம்ப்யூட்டருக்கு முன்னால் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படத்தைத் திறந்தேன்.

அந்தப் படத்தில் ஒவ்வொரு ஆளும் தனித்தனி அடுக்கு. ஒருவரை எடுத்தால் மற்றவருக்கு ஒன்றும் ஆகாது. அடுக்குக்கு ஒரு பெயர் வைப்போம். நாங்களெல்லாம் ஆள் ஒன்று, ஆள் இரண்டு என்று வைத்துவிட்டுப் போய்விடுவோம். இவள் வரிவரியாக எழுதி வைத்திருந்தாள்.

'டிக்கெட்காரர். திறக்கற வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். இப்பவே ஒரு தடவை அங்க நின்னுக்கறேன்னு கேட்டார்.'

'தையல்கடை அம்மா. ஓவியக்கூடத்து வாசப்படியிலயாவது நிக்கணும்னு ஆசை. யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.'

'கடிகாரக்காரர். இன்னும் ஒரு மாசம்தான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார்.'

திரையை அணைக்கப் போனேன். கிரேன் ஓட்டிய கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அவர் படித்துக்கொண்டிருந்தார்.

'பாட்டு டீச்சரம்மா. சால்வையை அவங்களே பையில கொண்டு வந்து போட்டுக்கிட்டாங்க. பெஞ்சுல பக்கத்து இடத்தைக் காலியா விடச் சொன்னாங்க, திறந்தப்புறம் அவர் வந்து உட்காரணுமாம். அவருக்கு இன்னும் தெரியாது.'