ஜெயந்தியின் கட்டில்

“அந்தப் பெண்ணின் கட்டில் எங்கே?”

நகரசபையிலிருந்து வந்த மனிதர் கேட்டதும் சிவமலருக்குக் காது சுட்டது. கொன்வென்ரில் படித்த காலம் தொட்டே பொய் சொன்னால் அவளுக்குக் காது சுடும். இன்றைக்கு உண்மையைச் சொல்லும்போதும் சுட்டது.

“கட்டில் இல்லை. பாய். இரவில் விரிப்பாள், காலையில் சுருட்டுவாள்.”

அவளுடைய ஜெர்மன் இப்படித் துண்டு துண்டாகத்தான் வரும். பல்லு முளைக்கிற பிள்ளை தோளில் கிடந்து சிணுங்கியது. ஒரு கையால் அலுமாரிக்குப் பின்னாலிருந்த பாயை இழுத்துக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். “இது கடற்கரைக்குக் கொண்டுபோவதல்லவா?”

சுவிஸில், இந்த டீட்டிகோன் நகரத்தில் கடலுக்கு எங்கே போவது? அதைக் கேட்க அவளுக்குத் துணிவில்லை.

“உடுப்புகள்?”

“என்னுடையதும் அவளுடையதும் ஒன்றுதான். மாறி மாறிப் போடுவோம்.”

அவர் பெருமூச்சு விட்டார். கெட்ட மனிதரில்லை. களைத்த மனிதர்.

ஜெயந்தி அவளுடைய மச்சாள், புருஷனின் தங்கை. வேறு மாநிலமான லுசேர்ணிலிருந்து இவர்களிடம் வந்து இரண்டு வருஷம். இந்தச் சூரிச் மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு, அவள் விண்ணப்பித்திருக்கும் தாதிப் பயிற்சிக் கல்லூரியில் பேருக்குத்தான் கட்டணம். வெளிமாநிலம் என்று தள்ளிவிட்டால், முதியோர் இல்லத்தில் தரை துடைக்கிற ஜெயந்தி கடைசிவரைக்கும் தரைதான் துடைக்க வேண்டும்.

“பெயரை மட்டும் இங்கே பதிந்துவிட்டு வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் பலர்,” என்றார் அவர். “கடிதப்பெட்டியிலும் அவள் பெயரில்லையே, ஏன்?”

சிவமலர் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

உள்ளேயிருந்து புருஷன் யோகராஜா சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்தான். உணவகக் குசினியில் விடியும்வரை சட்டி தேய்த்த கண்கள்.

“ஆரப்பா?”

“ஜெயந்தி இஞ்சை இருக்கிறாவோ எண்டு பாக்க வந்திருக்கிறார்.”

“இருக்கிறாள் எண்டு சொல்லுமன்.”

“சொன்னனான். நம்புறாரில்லை. கட்டில் கேக்கிறார்.”

“கட்டிலோ! எங்கட கட்டிலே போன கிழமை ரோட்டிலை கிடந்து தூக்கியந்தது எண்டு சொல்லும்.”

“நீங்கள் ஒருக்காப் பேசாமல் போய்ப் படுங்கோப்பா.”

வந்தவர் கதவடிக்குப் போய்த் திரும்பினார். “கீழ்வீட்டில் கேட்டுப் பார்க்கிறேன்.”

சிவமலர் பாயை அப்படியே போட்டுவிட்டுக் கதவடிக்கு வந்தாள்.

கீழ்வீட்டில் ஃபிராவ் விட்மர் என்ற சுவிஸ் மனுசி. தாளிதம் வெடித்தால் மணியடிப்பாள். பிள்ளை அழுதால் விளக்குமாற்றுத் தடியால் தன் வீட்டுக் கூரையை இடிப்பாள். இவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பொலிஸ்காரி. வாடகை ஒப்பந்தத்தில் மூன்று பேர்தான். நாலாவது ஆள் இருப்பது பொலிஸ்காரிக்குத் தெரிந்தால் வீட்டுக்காரனுக்குத் தெரியும். தெரிந்தால் பிள்ளையோடு தெருவில்தான். அதனால்தான் கடிதப்பெட்டியில் ஜெயந்திக்குப் பெயரில்லை. அதனால்தான் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் படியிறங்குவது.

இப்போது விட்மர் “இருக்கிறாள்” என்றால் வீடு போகும். “இல்லை” என்றால் ஜெயந்தியின் படிப்புப் போகும்.

பிள்ளையோடு சிவமலர் பின்னாலேயே இறங்கி ஓடினாள்.

ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தபடி ஃபிராவ் விட்மர் கதவைத் திறந்தாள். அவருடைய கேள்வியைக் காதில் வாங்கினாள். பிறகு சிவமலரைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள்.

“இருக்கிறாளே. மெலிந்த பெண்.”

“நிச்சயமாகவா?”

“இரண்டு வருஷமாகக் காலையில் போகிறாள், மாலையில் வருகிறாள். எனக்கு வணக்கம் சொல்லாமல் ஒருநாளும் போனதில்லை. என்னைவிட இந்தப் படியை அறிந்தவர் யார்? எழுதிக்கொள்ளுங்கள்.”

வணக்கமா! சிவமலருக்கு ஜெயந்தி மேல் பற்றிக்கொண்டு வந்தது. பூனை மாதிரிப் போ, அந்த மனுசியின் கண்ணில் படாதே என்று படித்துப் படித்துச் சொல்லியும், நாள் தவறாமல் நின்று கதைத்திருக்கிறாள்!

வந்தவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். தெருக்கதவு சாத்திய சத்தம் கேட்டது.

சிவமலர் அப்படியே படியில் குந்திவிட்டாள். அழுகையும் வந்தது, ஜெர்மனும் வந்தது, இரண்டும் சேர்ந்து வந்தது.

“வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். நாங்கள் ஒளித்தது பிழை. இத்தனை நாள் அவளைப் பார்த்தும் நீங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. நாங்கள்தான் உங்களை...”

“நானா?” ஃபிராவ் விட்மர் கதவைப் பாதி சாத்தினாள். “அப்படியொரு பெண்ணை நான் கண்டதே இல்லை. நாளைக்கு ஒருதடவை அவளைக் கீழே அனுப்பு. அந்த ஆள் திரும்பி வந்து கேட்டால், எனக்கு முகமாவது தெரிந்திருக்க வேண்டாமா?”