எங்க வழியில இல்ல

"டேய் தம்பி, நீ கண்ணாடி பார்த்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்டுக்கொண்டேதான் அக்கா உள்ளே வந்தாள்.

கையில் ஒரு பை ஆரஞ்சு. அதைக் கட்டில் ஓரமாக வைத்தாள். படுத்திருந்த தம்பி மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் தம்பியிடமே திரும்பினாள். லாரிப் பட்டறையில் எஞ்சினையே இறக்கி ஏற்றுகிற ஆள் அவன். இப்போது கன்னம் ஒட்டிப்போய், சட்டை தொளதொளவென்று தொங்கியது. பெண்டாட்டிக்கு ஒன்று என்றதும் பிள்ளை இப்படி ஓடாய்த் தேய்ந்துவிட்டானே என்று அக்காவுக்கு வயிறு எரிந்தது.

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை சிகிச்சையும் முடிந்து, கணவனும் மனைவியும் அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரி இருந்தது வேறு ஊரில். யாரும் அங்கே வர வேண்டாம் என்று மனைவியே எல்லோருக்கும் போன் செய்து சொல்லிவிட்டாள். அக்காவுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கூடப்பிறந்தவள் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது தம்பி மட்டும் தனியாகக் கிடந்து அல்லாடினானாம்.

காயம் ஆறியிருக்கிறதா, காட்டு என்றாள். மனைவி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். கட்டைப் பிரிக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருப்பதாகத் தம்பி கதவோரம் நின்றபடியே சொன்னான்.

"ஆமா, நான் பார்த்தா தேய்ஞ்சு போயிடும்" என்று அக்கா நொடித்தாள்.

மனைவி இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாத்தனாரின் வாய் அவளுக்குப் புதிதா என்ன? அன்றைக்கு அவளுக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றே ஒன்றுதான். எப்படியாவது நாத்தனாரைப் பரிசோதனைக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும். பார்க்கணும்போல இருக்கிறது, வாருங்கள் என்று கெஞ்சி வரவழைத்ததே அதற்காகத்தான்.

"அண்ணி, குடும்பத்துல இருக்கற பொம்பளைங்க ஒரு தடவை பார்த்துக்கணும்னு டாக்டர் சொன்னார். நாளைக்கே போயிட்டு வந்துடலாம்."

"உன் குடும்பத்தைச் சொல்லியிருப்பார். உன் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போ. எங்க அம்மா வழியிலயும் இல்ல, அப்பா வழியிலயும் இல்ல. எனக்கு எதுக்கு?"

மனைவிக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. தம்பி டீ கொண்டுவந்தான். ஒரு டம்ளரை வைத்துவிட்டு, மறுபடி போய் இன்னொன்றை எடுத்துவந்தான். இரண்டைச் சேர்த்துத் தூக்கிவரக்கூடத் தெம்பில்லாமல் போயிற்றே என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். தம்பி தன்னோடு வந்து கொஞ்ச நாள் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கட்டும். இவளை இவள் அம்மா வந்து கூட்டிப்போகட்டும். பெற்றவள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? போகமாட்டேன் என்று தம்பி முனகியது எடுபடவில்லை. பரண் மேலிருந்த பெட்டியை எடு என்று அதட்டினாள்.

தம்பி பரணை நிமிர்ந்து பார்த்தான். அவன் அசைவதற்குள் மனைவி விருட்டென்று எழுந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பெட்டியை இறக்கி வைத்துவிட்டாள்.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆபரேஷன் ஆன உடம்பா இது? இவ்வளவு தெம்பை வெச்சுக்கிட்டுத்தான் படுத்துக்கிட்டு என் தம்பியை வேலை வாங்கறியா?"

மனைவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு பேச்சுக் கேட்டும் காரியம் ஆகவில்லையே என்ற பயம்தான் அவளைப் பிடித்து ஆட்டியது. இதுவரை கணவனுக்குத் தெரியாமல் மனசுக்குள்ளேயே வைத்திருந்ததைக் கடைசியில் அவன் எதிரிலேயே கேட்டுவிட்டாள்.

"என்னை என்ன வேணாலும் சொல்லுங்க அண்ணி. அக்குள் கிட்ட ஏதோ உருண்டையாத் தட்டுப்படுதுன்னு அன்னிக்குப் போன்ல சொன்னீங்களே, அது இன்னும் இருக்கா?"

அக்காவின் முகம் ஒரு கணம் மாறியது. உடனே சமாளித்துக்கொண்டாள். அது வெறும் வேனல்கட்டி, வலிகூட இல்லை என்றாள். உனக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் வர வேண்டுமா, என்ன மனசு உன் மனசு என்றாள். இனி இந்த வீட்டில் ஒரு நிமிஷம்கூட இருக்க மாட்டேன் என்று செருப்பைத் தேடிக் கிளம்பினாள்.

தம்பி வாசற்கதவைச் சாத்திவிட்டு, அதன் மேல் சாய்ந்து நின்றான்.

"வேண்டாங்க" என்றாள் மனைவி. "நானே எப்படியாவது கூட்டிட்டுப் போறேன்."

அவன் கேட்கவில்லை. இடது கையால் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். வலது மார்பின் மேல் போட்டிருந்த கட்டு அக்குள்வரை நீண்டிருந்தது.

"நோய் எனக்குத்தான் அக்கா. ஆம்பளைக்கு மார்புல புத்துநோயான்னு பட்டறையே சிரிக்குமேன்னு நான் செத்துக்கிட்டிருந்தேன், இவ தனக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. டாக்டர் முதல்ல கூட்டிட்டு வரச் சொன்னது என்கூடப் பொறந்த உன்னைத்தான்."