ருசி தெரிந்தவர்

சேலம் அஸ்தம்பட்டியில் கடை போட்டு, கையால் சுற்றிய வெளிநாட்டுச் சுருட்டு விற்கும் ஜீவாவுக்கு இதுவரை பெரிய ஆர்டர் எதுவும் வந்ததில்லை. நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணைக்காரர் கூப்பிட்டதும் பெட்டியோடு ஓடி வந்துவிட்டான்.

பண்ணை ஆபீசில் உட்கார்ந்திருந்த முதலாளி சின்னண்ணன், டீ கிளாசை மூடியிருந்த தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். டீயைத் தொடாமல் சுருட்டைப் பற்றவைத்தார்.

“கரெக்டுங்க! டீ குடிச்சா சுருட்டு ருசி நாக்குல நிக்காது” என்று வியந்தான் ஜீவா.

சின்னண்ணன் கிளாசையே பார்த்தபடி புகையை மெல்ல ஊதினார்.

“எவ்வளவு நேரமுங்க எரியும்?”

“நிதானமா இழுத்தா ஒரு மணி நேரமுங்க.”

“பொகை மேல போயிருமா, கீழயே நிக்குமா?”

இவ்வளவு நுணுக்கமாகச் சேலத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. “கனமான பொகைங்க, கீழயே நிக்கும். தேன் வாசம், காப்பி வாசமெல்லாம் வருதுங்களா?”

“அதெல்லாம் தெரியலீங்க. ஆனா சரக்கு அருமை. பத்துப் பெட்டி போடுங்க.”

ஜீவாவுக்குத் தலைகால் புரியவில்லை. “அவ்வளவு பிடிச்சுப் போச்சுங்களா?”

“பின்னே? டீயைத் தொறந்து வெச்சு இவ்வளவு நேரமாச்சு, ஒரு ஈ உக்காரலையே!”

சின்னண்ணன் ஆறிப்போன டீயை நிம்மதியாக ஒரு வாய் குடித்தார்.

“ஏனுங்க தம்பி, இந்தக் கருமத்தை வாயில வெச்சு இழுக்கத்தான் முடியல. ஊதுபத்தியாட்ட குத்தி வெக்கிற மாதிரி வருதுங்களா?”